ஆர்டித் பிஸ்கட் ஏரிக்குப் போன வருடம்

மார்ச் மாதத்தில் ஹாஃப்ஸ்டெட் வீட்டுச் சமையலறைக்குள் போனால் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு இருக்காது. மலை வரைபடம் விரிந்து கிடக்கும். அது சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் பீன்ஸ் டின்களைப் பாரமாக வைத்திருப்பாள் ஆர்டித். வெளியே முழங்கால் ஆழத்துக்குப் பனி. அவள் புருஷன் லைல் மலையேறப் போவது ஆகஸ்டில். ஆனாலும் பயணத்தின் மூன்றாம் நாள் மதியம் அவன் வாயில் என்ன விழவேண்டும் என்பதை மார்ச்சிலேயே முடிவு செய்துவிடுவாள்.

நான் இந்தப் பள்ளத்தாக்கில் லாடம் அடிப்பவன். வீடு வீடாகப் போகிறவன் என்பதால் எல்லா வீட்டு மேசையையும் பார்த்திருக்கிறேன். மாண்டனாவில் குதிரையில் மலைக்குப் போகாத ஆண் கிடையாது. போய்வந்து அளக்காத ஆணும் கிடையாது. அதில் லைல் ஹாஃப்ஸ்டெட் ராஜா. செப்டம்பர் முழுக்க காபிக்கடையில் உட்கார்ந்து, "கடை கிடையாது, போன் கிடையாது, ஒருத்தன் உதவி கிடையாது. நானு, என் கழுதைங்க, மலை. அவ்வளவுதான்" என்பான். உப்பு எந்தப் பையில் இருந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான்.

அந்தப் பைகளை எல்லாம் தைத்தவள் ஆர்டித். காபித்தூளை டின்னிலிருந்து கொட்டித் துணிப்பைக்கு மாற்றுவாள், டின் வீண் சுமை என்று. முட்டைகளை ஓட்ஸுக்குள் புதைத்து அனுப்புவாள், ஒன்றுகூட உடையாது. ரொட்டியை அடுப்பில் வாட்டி உலர்த்துவாள். ஒவ்வொரு நாளின் சாப்பாட்டையும் தனித்தனியாகக் கட்டி வேறு வேறு நிற நூலால் முடிச்சுப் போடுவாள். கழுதையின் இரண்டு பக்கப் பெட்டியும் ஒரே எடையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சேணம் சாய்ந்து முதுகு புண்ணாகிவிடும். அதற்காக ஒவ்வொரு பெட்டியையும் தராசில் தொங்கவிட்டு, ஒரு பக்கம் குறைந்தால் ஒரு வெங்காயத்தைத் தூக்கி அந்தப் பக்கம் போடுவாள். கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டை மரத்தில் கட்டித் தூக்கும் கயிறு முதல், அறுந்த வாரைத் தைக்கும் ஊசி வரை அவள் கையால் போகாத பொருள் கிடையாது.

இப்படிப் பத்தொன்பது வருடம். லைல் வருடாவருடம் போகும் பிஸ்கட் ஏரியை அவள் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை.

முதலில் பிள்ளைகள் சின்னவர்கள் என்றார்கள். பிறகு மாமியார் படுக்கையில் விழுந்தாள். பிறகு பசு கன்று போடும் நேரம். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒன்று. ஆர்டித் ஒன்றும் வாய் செத்தவள் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவள் குரல் விளையாட்டு மைதானம் வரை கேட்கும். கருமி வேறு. எனக்குக் காபி தரும்போது சர்க்கரைக் கிண்ணத்தைத் தன் பக்கமே வைத்துக்கொள்வாள். ஊர் வம்பு ஒன்றையும் விடமாட்டாள். ஆனால் லைலிடம் மட்டும் அவளுக்கு நாக்கு எழாது. ஏன் என்று நான் கேட்டதில்லை. கல்யாணம் என்பது அடுத்தவன் வீட்டுக் கொட்டில், உள்ளே போய்ப் பார்க்க முடியாது.

அந்த வருடம் லைல் செம்மட்டை நிறத்தில் புதுக்குதிரை ஒன்று வாங்கினான். உயரம், பளபளப்பு, தலையைத் தூக்கிக்கொண்டு நடை. அதுவரை அவன் ஏறிப்போனது நெட்டி. நெட்டி ஆர்டித் பால் புட்டியில் வளர்த்த வெள்ளைப் பெட்டைக் குதிரை, வயதானது, சாது. புதுக்குதிரை வந்த சந்தோஷத்தில் லைல் ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டான்.

"நெட்டி சும்மாதான நிக்கப் போகுது. இந்தத் தடவை நீ அதுல ஏறி வா."

அவ்வளவுதான். ஆர்டித்துக்குத் தலைகால் புரியவில்லை. பூட்ஸ் வாங்கினாள். பள்ளி விட்டு வந்ததும் கொட்டிலுக்குப் பின்னால் மரக்கட்டை ஒன்றின் மேல் நின்று நெட்டியின் மீது ஏறி ஏறி இறங்குவாள். ஐம்பத்தெட்டு வயது, பெருத்த உடம்பு. முதல் வாரம் மூச்சு வாங்கியது. ஜூலையில் கட்டை இல்லாமலே ஏறினாள். நான் லாடம் பார்க்கப் போனபோது அவளே காட்டினாள்.

"வார்ட், இங்க பாரு. கட்டை இல்லாம ஏறுறேன் பாரு."

"அடேங்கப்பா! சர்க்கஸ்ல சேர்ந்துடலாம் நீங்க."

"வாயை மூடு. அந்த ஏரியில தண்ணி பச்சையா இருக்குமாம். லைலோட கூட்டாளி ஓரன் சொன்னான். பத்தொன்பது வருஷம் அதுக்குச் சோறு கட்டியிருக்கேன், என்ன நிறம்னு தெரியாது எனக்கு."

அந்த ஏரிக்கு ஆர்டித் போவாளா மாட்டாளா என்பது அந்தக் கோடையில் எனக்கே பெரிய விஷயமாகிவிட்டது. வேறு யாருக்கும் ஆகவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் கடைசி லாடங்களைச் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். லைலின் கூட்டாளிகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள்: இரும்புக்கடை வெண்டல், பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஓரன். கொட்டிலில் தீவன மூட்டை நிறுக்கும் எடைமேடை ஒன்று உண்டு. பெட்டிகளை நிறுத்துக்கொண்டிருந்தாள் ஆர்டித். எல்லாம் முடிந்தது. லைல் பீர் குடித்துக்கொண்டே நின்றவன் திடீரென்று சொன்னான்.

"எல்லாத்தையும் நிறுத்தாச்சு. பெரிய மூட்டையை இன்னும் நிறுக்கலையே."

வெண்டல் சிரித்தான். ஆர்டித்தும் சிரித்தாள், பெட்டியைப் பார்த்துத் திரும்பினாள், எதைச் சொல்கிறான் என்று.

"உன்னைத்தான். மேல ஏறு."

"விளையாடாத லைல்."

"விளையாட்டு இல்ல. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது. அது சட்டம். நெட்டிக்கு வயசாச்சு. ஏறு, பார்த்துடலாம்."

சட்டம் உண்மைதான். குதிரைக்காரர்கள் எல்லோரும் சொல்வோம். ஆனால் வெண்டலை ஒருவரும் மேடையில் ஏற்றவில்லை. வெண்டல் ஆர்டித்தைவிட ஒரு கன்றுக்குட்டி கனம் கூடுதல். லைலின் தொப்பையும் மேடைப் பக்கம் போகவில்லை.

அவள் ஏறினாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறினாள் என்பது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதைக் கழற்றினால் கொஞ்சம் குறையும் என்று நினைத்திருக்கிறாள். காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை. லைல் குனிந்து முள்ளைப் பார்த்தான், எண்ணை உரக்கப் படித்தான், சேணத்தின் எடையைச் சேர்த்தான், மறுபடி உரக்கப் படித்தான்.

"பாவம்டா நெட்டி," என்றான். "ஏரிக்குப் போறதுக்குள்ள வயிறு தரையைத் தொட்டுரும்."

வெண்டல் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். ஓரன் தொப்பியைச் சரிசெய்வதுபோல் முகத்தை மறைத்துச் சிரித்தான். ஆர்டித் கீழே இறங்கிப் பூட்ஸை மாட்டிக்கொண்டாள். அதன் கயிற்றைக் கட்டாமலே நிமிர்ந்தாள்.

"சரி, நான் வரல," என்றாள். பிறகு, "ஆனா நெட்டியைக் கூட்டிட்டுப் போ, லைல். அவ இல்லாம கழுதைங்க நிக்காது."

"ஆள் ஏறாத குதிரை எதுக்கு? புல்லுக்குக் கேடா?"

"அதுங்க அவ மணிச்சத்தத்துக்குத்தான்..."

"என் பின்னால வர்றதுக்கு அதுங்களுக்கு எவ மணியும் வேணாம். பத்தொன்பது வருஷமா யார் பின்னாலடி வருதுங்க? என் பின்னாலதான வருதுங்க?"

கோவேறு கழுதைகளைப் பழகியவர்களுக்கு இது அரிச்சுவடி. ஒரு பெட்டைக் குதிரையின் கழுத்தில் மணி கட்டினால் போதும். கழுதைகள் அதை விட்டு விலகாது. ராத்திரி குதிரையைக் கட்டிவிட்டுக் கழுதைகளை அவிழ்த்துவிட்டாலும் அது நிற்கும் இடத்தைச் சுற்றியே மேயும். வெள்ளைக் குதிரை என்றால் கேட்கவே வேண்டாம், அதற்காக உயிரை விடும். பத்தொன்பது வருடம் அந்தக் குதிரைகளின் முதுகில் உட்கார்ந்து போனவன், முதலில் நெட்டியின் தாய், பிறகு நெட்டி, பின்னால் திரும்பிப் பார்த்துப் பார்த்து, கழுதைகள் தன்னைத்தான் தொடர்கின்றன என்று நம்பியிருக்கிறான். மேலே உட்கார்ந்தவனுக்குக் கீழே இருப்பது தெரியாமல் போய்விட்டது. வெண்டலுக்குத் தெரியும். "லைல், அவ சொல்றதும்..." என்று ஆரம்பித்தான். லைல் பார்த்த பார்வையில் பீர் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் விடியற்காலையில் போனார்கள். வேலிக்கு உள்ளே நெட்டி கனைத்தது. கழுதைகள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போயின. ஒன்றோடொன்று கயிறு போட்டுக் கட்டியிருந்ததால் போயின, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை ஆர்டித் எனக்குப் போன் செய்தாள்.

"வார்ட், லாடப் பெட்டியைத் தூக்கிட்டு வா. ஒண்ணு லாடத்தை விட்டுட்டு வந்திருக்கு."

"எது?"

"எல்லாம் வந்திருக்கு. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். எட்டுக் கழுதைகளும் வேலியில் மார்பை அழுத்திக்கொண்டு நெட்டியைச் சுற்றி நின்றன. வெண்டல், ஓரன் இருவரின் குதிரைகளும் முன்னங்கால் தளையோடு பின்னால் நொண்டி வந்து நின்றன. ஒரு குதிரையையாவது கட்டி வைப்பது வழக்கம், ஓடிப்போனதைப் பிடிக்க. லைல் தன் புதுக்குதிரையைத்தான் கட்டியிருப்பான்போல. தனியாக விடப்பட்ட அது கயிற்றை அறுத்துக்கொண்டு, அறுந்த நுனி தொங்க, எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து சேர்ந்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"விடுங்க. மூணு பேரும் நடந்து வரட்டும். லைலுக்குத் தொப்பையாவது குறையும்."

அவள் சிரிக்கவில்லை. நெட்டியின் மேல் சேணத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் போய் விட்டுட்டு வந்துடறேன்."

"நீங்களா? தனியாவா? ஆறு கடக்கணும் ஆர்டித், நாலு இடத்துல."

"அஞ்சு இடத்துல. மூணாவதுல இடது பக்கமா போகணும், வலது பக்கம் குழி. எனக்குத் தெரியாததா? எத்தனை மார்ச் அந்த மேப்புல விரல் வச்சுப் போயிருக்கேன்."

நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அந்த 'வேண்டாம்' பள்ளிக்கூட மைதானம் வரை கேட்கும் குரலில் வந்தது. கழன்ற லாடத்துக்குப் பதில் நான் வேறு அடித்து முடித்ததும், நெட்டியின் கழுத்தில் மணியைக் கட்டி, கட்டை இல்லாமல் ஏறி, வாசலைத் திறந்துவிடச் சொன்னாள். குதிரைகளை மட்டும் கயிற்றில் பிடித்துக்கொண்டாள். எட்டுக் கழுதைகளும் கட்டாமலே, முட்டி மோதிக்கொண்டு அவள் பின்னால் போயின. சந்தைக்குப் போகும் பெண்பிள்ளைகள் மாதிரி அவ்வளவு குஷி அவற்றுக்கு.

அந்த ஒரு நாளைப் பற்றி அவள் பிறகு எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். மூன்றாவது தடவை ஆற்றைக் கடக்கும்போது இடது பக்கம் போனதை. மேலே பைன் மரங்கள் குட்டையாகிக்கொண்டே போனதை. மதியம் நெட்டியை விட்டு இறங்கி, தான் தனக்காகக் கட்டிய ரொட்டியைத் தின்றதை. "யாருக்கும் பரிமாறாம தின்னேன் வார்ட். எனக்கு அழுகையா வந்துச்சு, ஏன்னே தெரியல." கரடி ஒன்று சரிவில் பெர்ரி தின்றுகொண்டிருந்ததாம். இவள் பாட்டுப் பாடிக்கொண்டே கடந்துவிட்டாள். சர்ச்சில் பாடும்போது எல்லோரும் முகத்தைச் சுளிக்கும் அதே குரலில்.

சாயங்காலம் ஏரிக்கரையை அடைந்தபோது, மூன்று ஆண்களும் அணைந்துபோன அடுப்பைச் சுற்றி ஒருவரோடொருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களாம். யார் நடந்துபோய்க் கழுதைகளைக் கொண்டுவருவது என்று சண்டை. மணிச்சத்தம் கேட்டு ஓரன் எழுந்து ஓடி வந்தான்.

"மகராசி! வந்துட்டியே! எங்களைக் காப்பாத்திட்ட!"

லைல் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்.

"எதுக்கு வந்த? நாங்க சொன்னோமா? ஒருத்தன் உதவி இல்லாமதான் நாங்க இங்க வர்றது."

வெண்டலுக்கு அடக்க முடியவில்லை. "ஆமாண்டா லைல். உதவி வேணாம்டா உனக்கு. நாளைக்கு அந்த அடுப்பை, கூடாரத்தை, பெட்டியை எல்லாம் உன் முதுகுல கட்டி விடறோம். இரு பக்கமும் ஒரே எடையா கட்டறோம், கவலைப்படாத."

ஓரன் சேர்ந்துகொண்டான். "வயிறு தரையைத் தொட்டுரும்னு சொன்னியே, நெட்டியோட வயிறு எங்கடா தொட்டுச்சு? ஆளையும் சுமந்துட்டு, உன் புதுக்குதிரையையும் கூட்டிட்டு வந்திருக்கு பாரு."

மூன்று நாளைக்கு முன்னால் ஆர்டித்தைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள். ஆளை மாற்றிச் சிரிப்பதற்கு அவர்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆர்டித் எதையும் காதில் வாங்கவில்லை. நேரே தண்ணீருக்குப் போனாள். பச்சையாகத்தான் இருந்ததாம். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தாள். மீதி நாட்களும் அங்கேயே இருந்தாள். சமைத்தாள்தான், அது அவளை விட்டுப் போகாது. ஆனால் சமைத்து முடித்ததும் ஏரிப் பக்கம் போய்விடுவாள். லைல் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் அவனை விடவில்லை. நெட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போனானாம் என்ற செய்தி எல்லோருக்கும் முன்னால் இறங்கி வந்துவிட்டது. காபிக்கடைக்குள் லைல் நுழைந்தால் யாராவது கரண்டியால் கோப்பையைத் தட்டி மணி அடிப்பார்கள். கடை முழுக்க நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்து அவன் பின்னால் வரிசையாக நிற்கும். நானும் நின்றேன். ஒரு தடவை பாதிரியாரே நின்றார். அவன் மானம் கப்பலேறியது. முகத்தில் சிரிப்பைத் தேய்த்துக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போவான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எங்களுக்கு இன்னும் உற்சாகம் வரும். அந்த அவமானத்தை அவன் யார் தலையில் இறக்குவான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அக்டோபரில் நெட்டியின் லாடங்களைக் கழற்றச் சொல்லி லைல் கூப்பிட்டான். பனிக்காலத்துக்கு முன்னால் கழற்றுவது வழக்கம்தான். ஆர்டித்தே தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஆணிகளைப் பிடுங்க, அவள் நெட்டியின் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தாள். அந்த ஏரிக்கு மேலே இன்னொரு ஏரி இருக்கிறது, வரைபடத்தில் பெயர்கூடப் போடவில்லை, அடுத்த கோடையில் அங்கே போவோம் என்று. நான்கு லாடமும் நல்ல லாடம். லைல் அவற்றைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டான்.

அடுத்த வாரம் கழுதைகளின் குளம்பைச் செதுக்கப் போனேன். ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. எட்டும் வடக்கு வேலியில் நெஞ்சை அழுத்திக்கொண்டு, சாலையைப் பார்த்துக் கத்தின. கழுதை கத்துவது கேட்டுப் பழகியவன் நான். அப்படி ஒரு கத்தலைக் கேட்டதில்லை. நெட்டி இருக்கும் இடம் காலி.

"நெட்டி எங்க, லைல்?"

"கனடா லாரி வந்துச்சு. ஏத்தி விட்டேன்."

கனடா லாரி என்றால் கறிக்கு வாங்குகிறவன். அதை எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவருக்கும் விளக்க வேண்டாம். என் கையில் குளம்பு செதுக்கும் கத்தி இருந்தது. அதைப் பெட்டிக்குள் போட்டேன், கையில் வைத்திருக்கப் பயமாக இருந்தது.

அந்த நேரம் ஆர்டித் பள்ளியிலிருந்து வந்து இறங்கினாள். தலையில் சமையலறை வலை இன்னும் இருந்தது. கழுதைகளின் சத்தம் அவளுக்குச் சாலையிலேயே கேட்டிருக்கும். காரின் கதவைச் சாத்தாமலே வந்தாள். காலியான இடத்தைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், லைலைப் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"வண்டியில சுலபமா ஏறுனாளா?" என்று கேட்டாள்.

"நீதான பழக்கி வச்சிருக்க," என்றான் லைல். "உன் ஓட்ஸ் டப்பாவை எடுத்து ஒரு குலுக்கு குலுக்குனேன். கயிறுகூட வேண்டியிருக்கல. தானா பலகை மேல ஏறி உள்ள போய் நின்னுச்சு."

ஆர்டித் தலையை ஆட்டினாள், ஒரு தடவை, இரண்டு தடவை.

"அப்ப பயந்திருக்க மாட்டா," என்றாள்.

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். சொன்னேன்.